ஆறு ‘சி’ வீட்டுக்காரி சாகவில்லை

என் பெயர் லெனோர் ஸரெட்ஸ்கி. வயது எழுபத்தொன்பது. தகப்பனார் பெயர் மோரிஸ் ஸரெட்ஸ்கி, தையல் தொழிலாளி, காலமாகிவிட்டார். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. நகரக் குற்றவியல் நீதிமன்றத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நியூயார்க், மன்ஹாட்டன், வெஸ்ட் எண்ட் அவென்யூவில் ஆறாவது மாடி, ‘சி’ வீட்டில் ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக வசித்து வருகிறேன். இதை எழுதும் சார்ஜென்ட் பக்லி முதலில் ‘முன்பு வசித்தவர்’ என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்று நாற்பது முதல் இரண்டு இருபத்தைந்து வரை பதினான்கு பேரை மேற்படி வீட்டுக்குள் அடைத்து வைத்தேன் என்பதும், என் அண்ணன் மகன் மிட்செலின் காலில் காயம் ஏற்படுத்தினேன் என்பதும் என் மேல் சொல்லப்படும் குற்றங்கள். முதலாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உண்மை. இரண்டாவது முழு உண்மை. மற்றவர்களின் வாக்குமூலங்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுதியவள் நான். யார் சொன்னதையும் மென்மையாக்கி எழுதியதில்லை, இன்றைக்கும் மாட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

இந்த ஆண்டு பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிராட்வேயில் மீன் கடை வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தேன். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. கையில் கால் பவுண்டு புகையிட்ட சால்மன் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகு மறுநாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு அடுத்த நாள், அதாவது பதினோராம் தேதி காலையில், மிட்செல் வந்தான். அவன் நியூ ஜெர்சியில் பிள்ளைகளின் பற்களுக்குக் கம்பி கட்டும் மருத்துவன். சாட்சிக் கையெழுத்துக்குத் தன் கிளினிக்கில் வேலை செய்யும் இரண்டு பெண்களையும் ஒரு நோட்டரியையும் கூட்டி வந்திருந்தான்.

“அத்தை, வீட்டுக்கு மாசா மாசம் கட்ட வேண்டியத யாராவது கட்டணும்ல, அதுக்குத்தான் இந்தப் பவர். வேற ஒண்ணுமே இல்ல. ஒரு கையெழுத்து போட்டுட்டு நீங்க பாட்டுக்குத் தூங்குங்க” என்று மிட்செல் சொன்னான்.

நோட்டரி பவர் பத்திரம் முழுவதையும் சத்தமாகப் படித்தார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. குறை என் மேல்தான், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். மெஷினில் அடிக்கும் சுருக்கெழுத்தாளருக்குக் காதில் விழும் சொல் நேராக விரலுக்குப் போய்விட வேண்டும். தலைக்குள் தங்கினால் அடுத்த சொல் தப்பிவிடும். கொலை வழக்கானாலும் கோழி திருடிய வழக்கானாலும் அப்படித்தான் எழுதினேன். யாராவது சட்ட வாசகத்தை ஒரே குரலில் படிக்க ஆரம்பித்தால் இன்றும் என் விரல்கள் அசையும், தலை மூடிக்கொள்ளும். அன்று போர்வையின் மேல் என் பத்து விரல்களும் அந்தப் பத்திரத்தை எழுத்து பிசகாமல் அடித்தன. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கையெழுத்துப் போட்டேன். எத்தனை சாட்சிகள் ‘படிக்காமல் போட்டுவிட்டேன்’ என்று என் எதிரில் அழுதிருக்கிறார்கள்! மனதுக்குள் அவர்களை முட்டாள் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அதன் பிறகு என்னைப் பிராங்ஸில் உள்ள ஒரு சிகிச்சை இல்லத்துக்கு மாற்றினார்கள். நடக்கப் பழக்குவதற்காகப் பதினோரு வாரமாக அங்கே இருக்கிறேன். மிட்செல் ஞாயிறு தவறாமல் வந்தான். வீடு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். நல்லா இருக்கு என்றான். ஜன்னலில் இருந்த ஊதாப் பூச்செடிகளைக் கேட்டேன். “மூணும் பூத்திருக்கு அத்தை. நீங்க வந்து பாத்தா அசந்துருவீங்க” என்றான். கடைசியாக அப்படிச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று செடிகளும் குப்பை வண்டியில் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நேற்று, சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் திருமதி பாப்பஸைப் பார்க்க அவர் மகள் தாலியா வந்திருந்தாள். இந்த ஊரில் வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் விற்பனைக்கு வந்த வீடுகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தாலியாவும் அப்படித்தான். “அம்மா, இந்த வீட்டைப் பாரேன், எவ்வளவு அழகா இருக்கு” என்று தாய்க்குக் காட்டிவிட்டு, மரியாதைக்காக என்னிடமும் போனை நீட்டினாள். குளியலறைப் படம். தொட்டிக்கு மேலே மூன்றாவது வரிசையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. விரிசலுக்குக் காரணம் என் ஷாம்பு பாட்டில், 1988இல்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். ‘போருக்கு முந்தைய அழகு! விரும்பப்படும் வட்டாரத்தில் அமைதியான ஒரு படுக்கையறை வீடு. உயர்ந்த கூரை. பழைய மரத் தரை, பழைய பித்தளைக் கைப்பிடிகள், எல்லாம் அசல். எஸ்டேட் சொத்து, உள்ளது உள்ளபடி. உங்கள் கற்பனைக்காகக் காத்திருக்கிறது. ஞாயிறு ஒரு மணி முதல் மூன்று வரை வந்து பார்க்கலாம். விலை சொல்ல விரும்புவோர் திங்கள் நண்பகலுக்குள் சொல்லவும்.’

எந்தப் போர் என்று இந்தப் புரோக்கர்கள் சொல்ல மாட்டார்கள். எங்கள் கட்டடம் 1926இல் கட்டியது. அதற்குப் பிறகு இந்த நாடு எத்தனையோ போருக்குப் போய்விட்டது, ஆனால் வீட்டு விலையை ஏற்றிவிட்டது இரண்டாம் உலகப் போர் ஒன்றுதான். அது போகட்டும். என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது ‘எஸ்டேட்’ என்ற சொல். எங்கள் ஊர் வீட்டுப் புரோக்கர்கள் அதை ஒரே அர்த்தத்தில்தான் எழுதுவார்கள்: சொந்தக்காரர் செத்துவிட்டார், வாரிசு விற்கிறார். நான் அப்போது இல்லத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஆப்பிள் கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு போர்வையின் மேல் கைகளை வைத்துக் கண்ணை மூடினேன். பிப்ரவரி பதினோராம் தேதி என்ன அடித்தீர்கள் என்று என் விரல்களைக் கேட்டேன். அவை மறக்கவில்லை. நாலாவது பத்தியில் ‘அசையாச் சொத்தையும் கூட்டுறவுக் கட்டடப் பங்குகளையும் விற்கவும், விற்பனைப் பத்திரங்களில் கையெழுத்திடவும்’ என்று வந்தது. எங்கள் கட்டடத்தில் வீடு சொந்தம் என்றால் அந்தப் பங்குகள் சொந்தம் என்று அர்த்தம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. திங்கள் நண்பகலுக்கு மேல் மிட்செல் ஒரு கையெழுத்துப் போட்டால் என் வீடு இன்னொருவருடையது. பிறகு நான் கத்தினாலும் கதறினாலும் வருடக்கணக்கில் வழக்குதான். எழுபத்தொன்பது வயதில் யாருக்கு வருடக்கணக்கு இருக்கிறது? என் வக்கீலின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை பேசவும் என்று மெஷின் பேசியது.

மிட்செலுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று சார்ஜென்ட் கேட்டார். எதிர்த்தரப்புச் சாட்சியை எச்சரித்துவிட்டு விசாரணைக்குப் போகிறவர்களை நான் பார்த்ததில்லை. அதனால் ரடாமேஸ் பொலாங்கோவுக்குப் போன் செய்தேன். அவர் எங்கள் கட்டடத்தின் சூப்பர், அதாவது கொதிகலனிலிருந்து குப்பைவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கீழ்த்தளத்தில் குடியிருப்பவர். டொமினிக்கன் நாட்டுக்காரர். இருபத்தாறு வருடப் பழக்கம்.

“ரடாமேஸ், நான் லெனோர் பேசறேன்” என்றேன். அவர் மாதாவின் பெயரை மூன்று முறை சொன்னார்.

“மிஸ் லெனோர்? நீங்க உயிரோடவா இருக்கீங்க? உங்களுக்காக நான் மெழுகுவத்தி ஏத்திட்டேனே!”

“நான் செத்துட்டேன்னு எந்த மடையன்யா சொன்னான்?”

“உங்க அண்ணன் மகன்தான் மிஸ். லாபியில வச்சு, ‘அத்தை போயிட்டாங்க, வீட்டக் காலி பண்ணணும்’னார். நாங்கள்லாம் சேந்து பூ வாங்கி வச்சோம். ஒரு வாரம் இருந்துச்சு. ரொம்ப அழகா இருந்துச்சு மிஸ்.”

“என் கட்டில் எங்க?”

ஆட்கள் வந்து எல்லாவற்றையும் தெருவோரம் வைத்தார்கள் என்றும், தான் இரண்டு பெட்டிகளை மட்டும் கொதிகலன் அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டதாகவும் சொன்னார். நாளை ஒன்றேகால் மணிக்குப் பின்வாசலில் நில்லுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

இன்று மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதாக இல்லத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பிடித்து நடக்கும் வாக்கரோடு டாக்ஸியில் வந்தேன். ரடாமேஸ் பின்வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டார். சாமான் ஏற்றும் லிஃப்டில் ஆறாம் மாடிக்குக் கூட்டிப் போனார். என் கதவு திறந்து கிடந்தது. வாசலில், பார்க்க வருகிறவர்கள் ஷூவின் மேல் மாட்டிக்கொள்ள ஒரு கூடை நிறைய நீலநிறக் காலுறைகள், பக்கத்தில் வருகைத் தாள். உள்ளே, வருகிறவர்களை மயக்கச் சுட்டுவைத்த சாக்லேட் பிஸ்கட் வாசனை. ஐம்பத்திரண்டு ஆண்டுகளில் அந்த வீட்டில் யாரும் பிஸ்கட் சுட்டதில்லை, என் ஓவனில் நான் குளிர்கால ஸ்வெட்டர்களை வைத்திருப்பேன்.

புரோக்கர் கோர்ட்னி ஹாஸ்கல் என்னை வரவேற்றாள். முப்பது வயதிருக்கும், நல்ல பல் வரிசை. “வாங்க, வாங்க! இந்தத் தாள்ல பேர் எழுதிடுங்க” என்றாள். என் முழுப் பெயரை எழுதினேன். ‘இந்த வீட்டைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்ற கட்டத்தில் ‘இங்கேதான் குடியிருக்கிறேன்’ என்று எழுதினேன். அவள் படிக்கவில்லை. அந்தத் தாளைச் சார்ஜென்டிடம் ஒப்படைத்திருக்கிறேன்.

“உங்களுக்குத்தானா மேடம், இல்ல பிள்ளைங்களுக்கா?”

“எனக்குத்தான்.”

“சூப்பர்! லிஃப்ட் இருக்கு, கீழ இறங்கினா மருந்துக்கடை, பஸ் ஸ்டாப் எதிர்லயே. தனியா இருக்கற வயசானவங்களுக்கு இதவிடத் தோதான வீடு மன்ஹாட்டன்லயே கிடையாது.”

இந்த வாக்கியத்தைக் கோடிட்டு எழுதும்படி சார்ஜென்டைக் கேட்டுக்கொண்டேன். பின்னால் மிட்செல் இதற்கு நேர் எதிராகச் சொன்னது வருகிறது.

அதன் பிறகு அவள் எனக்கு என் வீட்டைச் சுற்றிக் காட்டினாள். சுவரெல்லாம் வெள்ளை. மரத் தரைக்குப் புது வார்னிஷ் அடித்திருந்தார்கள். என் புத்தக அலமாரிகள் இருந்த இடத்தில் வளைந்த முதுகோடு ஒரு வெள்ளை நாற்காலி, அதில் சாய்ந்து உட்காரவே முடியாது. படுக்கையறையில் என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு குட்டிக் கட்டில். “சின்னக் கட்டில் போட்டா ரூம் பெருசாத் தெரியும், அதான் ட்ரிக்” என்று என் காதோடு சொன்னாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஹாலுக்கு வந்தோம். ஜன்னலோரம் என் சுருக்கெழுத்து மெஷின் அதன் முக்காலியில் நின்றது. அதன் மேல் எலுமிச்சம் பழங்கள் வைத்த ஒரு கிண்ணம். ஒரு இளம்பெண் ஓரத்துச் சாவிகளை நகத்தால் தட்டிப் பார்த்து, “ஐயோ, க்யூட்டா இருக்கே, இது என்ன, பழைய பியானோ பொம்மையா?” என்றாள். அந்த மெஷினில் நான் நாற்பத்தொரு கொலை வழக்குகளை எழுதியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை ரேடியோச் செய்தியை அடித்துப் பார்த்து, மை நாடா மாற்றி வைத்திருந்தேன். மிட்செலுக்கு அது தெரியும். அவனுக்குப் பத்து வயதில் அதில் அவன் பெயரை அடித்துக் கொடுத்தவள் நான்தான்.

அப்போது அந்தப் பெண்ணுடன் வந்திருந்த வாலிபன் கோர்ட்னியைப் பார்த்து, “ஒரு விஷயம் கேக்கணும். அந்தக் கிழவி இங்கயேதான் செத்தாங்களா?” என்றான்.

“இல்ல இல்ல, ஆஸ்பத்திரியிலதான். ரொம்ப அமைதியான சாவாம்” என்று கோர்ட்னி சொன்னாள்.

அமைதியான சாவு என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் எதையும் அமைதியாகச் செய்தவள் அல்ல. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசற்கதவுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். போலீஸ் பூட்டைப் போட்டேன்.

சார்ஜென்ட் பக்லிக்கு இருபத்தொன்பது வயது. போலீஸ் பூட்டு என்றால் என்ன என்று போலீஸுக்கே நான் விளக்க வேண்டி வந்தது. அது ஒரு இரும்புத் தண்டு. ஒரு முனை தரையில் பதித்த குழியில் நிற்கும், மறுமுனை கதவின் முதுகில் சாய்ந்து முட்டுக்கொடுக்கும். வெளியிலிருந்து இரண்டு தடியர்கள் மோதினாலும் கதவு அசையாது. 1977இல் என் வீட்டில் இரண்டு முறை திருடு போன பிறகு போட்டது. கோர்ட்னி அதையும் பழைய அழகு என்று கழற்றாமல் விட்டிருந்தாள். ஆகவே பூட்டியது நான்தான், தெரிந்தே பூட்டினேன், யாரும் தூண்டவில்லை.

அதன் பிறகு திரும்பி நின்று சொன்னேன். “அந்தச் செத்துப்போன கிழவி நான்தான். எல்லாரும் உக்காருங்க.”

யாரும் உட்காரவில்லை. இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். நான் எலுமிச்சைக் கிண்ணத்தை எடுத்து அந்த வாலிபன் கையில் கொடுத்துவிட்டு, வெள்ளை நாற்காலியை மெஷினுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெஷினில் தாள் இருந்தது. ஒவ்வொருவராகப் பெயரும் விலாசமும் கேட்டேன். வீட்டுக்காரி இறந்துவிட்டதாக உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். முதலில் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் வக்கீலைக் கூப்பிடுவேன் என்றார். பன்னிரண்டாவது தெருவிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும், “சும்மா சொல்லிட்டுப் போங்கய்யா, அவங்க வீடு, அவங்க கேக்கறாங்க” என்று அதட்டினாள். அதன் பிறகு எல்லோரும் சொன்னார்கள். பதின்மூன்று பேரும் கோர்ட்னியைக் காட்டினார்கள். பதினான்காவது ஆள் கோர்ட்னி.

அவள் முகம் வெளுத்திருந்தது. “மேடம், சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க அண்ணன் மகன் ஆபீஸுக்கு வந்தார். ‘அத்தை போயிட்டாங்க’ன்னார். நான், ‘அடடா, ரொம்ப வருத்தமா இருக்கு’ன்னேன். அவர் ‘தேங்க்ஸ்’னார்.”

“வேற என்ன சொன்னார்?”

“வேற ஒண்ணும் சொல்லல. ‘தேங்க்ஸ்’னு மட்டும்தான்.”

அதை அப்படியே அடித்தேன்.

அந்த நேரத்தில் கதவு இடிபட்டது. கோர்ட்னி நடுவில் போனில் தகவல் கொடுத்திருக்கிறாள். மிட்செல் தெருமுனைக் காபிக் கடையில் உட்கார்ந்திருந்தானாம்.

“கோர்ட்னி! என்ன நடக்குது உள்ள? யார் அது?”

“உன் அத்தை” என்றேன் நான்.

“லென்னி அத்தை? கதவத் தொறங்க. நீங்க எப்படி இங்க வந்தீங்க? உடம்பு என்னத்துக்கு ஆகறது?”

“அத்தைதான் போயிட்டாங்களேப்பா. உனக்குத் தெரியாதா?”

அந்தப் பன்னிரண்டாவது தெரு அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை.

சரியாக இரண்டு மணிக்கு விசாரணையை முடித்து, எல்லோரும் போகலாம் என்று சொல்லி எழுந்தேன். தண்டைத் தூக்கப் போனால் அது அசையவில்லை. தரையை மெருகேற்றியவர்கள் குழிக்குள்ளும் வார்னிஷை ஊற்றி, அது மேலே மட்டும் காய்ந்து உள்ளே பிசினாகக் கிடந்திருக்கிறது. தண்டு அதில் இறங்கிக் கவ்விக்கொண்டது. எலுமிச்சை வாலிபன் இழுத்துப் பார்த்தான், இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அதற்குள் மிட்செல் போலீஸைக் கூப்பிட்டுவிட்டான். வந்த இரண்டு அதிகாரிகள் வெளியிலிருந்து தோளால் மோதிவிட்டு, உள்ளே என்ன பூட்டு என்று கேட்டார்கள். போலீஸ் பூட்டு என்றேன். கேலி செய்வதாக நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ரடாமேஸ் ஐந்தாம் மாடியிலிருந்து வெளிப்புற இரும்பு ஏணி வழியாக ஏறி, படுக்கையறை ஜன்னலுக்குள் நுழைந்து வந்து, உளியும் சுத்தியலும் வைத்துத் தண்டைப் பெயர்த்தார். அப்போது மணி இரண்டு இருபத்தைந்து. ஆகவே நாற்பத்தைந்து நிமிடத்தில் இருபது நிமிடம் அடைத்தது நான். மீதி இருபத்தைந்து நிமிடத்துக்கு மிட்செல் அடித்த வார்னிஷ்தான் பொறுப்பு.

கதவு திறந்ததும் மிட்செல் உள்ளே வந்தான். எல்லோரும் இருந்தார்கள், யாரும் போகவில்லை. போகலாம் என்று சொன்ன பிறகும் போகாததற்கு நான் பொறுப்பல்ல.

“அத்தை, எல்லாம் உங்களுக்காகத்தான் செஞ்சேன். நீங்க விழுந்தீங்க. அப்பா கடைசியில தனியா விழுந்து ரெண்டு நாள் கெடந்தாரு, ஞாபகம் இருக்கா? இன்னொரு தடவ அப்படி ஒண்ண என்னால பாக்க முடியாது. இது தனியா இருக்கற வயசானவங்களுக்கு ஏத்த வீடே இல்ல. எங்க வீட்டுப் பக்கத்துலயே நல்ல இடம் பாத்து வச்சிருக்கேன், தோட்டம் இருக்கு.”

அவன் கண் கலங்கியிருந்ததையும் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் அப்பா, என் அண்ணன், அப்படித்தான் இறந்தார். அதை நான் மறுக்கவில்லை. அவன் பயம் பொய் என்றும் நான் சொல்லவில்லை.

“என்கிட்டக் கேட்டியாடா?” என்றேன்.

“கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்களே.”

“அதனால சாகடிச்சிட்டியா?”

“செத்துட்டாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்ல. போயிட்டாங்கன்னுதான் சொன்னேன். சிகிச்சைக்குப் போயிட்டீங்கல்ல? அத அவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நான் என்ன பண்றது?”

நான் மெஷினிலிருந்து மடிந்து விழுந்த தாளை எடுத்தேன். அதை அந்த அறையில் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். படித்தேன். “புரோக்கர் சொன்னது: ‘ரொம்ப வருத்தமா இருக்கு.’ மிட்செல் சொன்னது: ‘தேங்க்ஸ்.’ எதுக்கு தேங்க்ஸ் சொன்ன மிட்செல்?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கோர்ட்னியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். நீதிமன்றத்தில் சாட்சி வாய் திறக்காதபோது நாங்கள் ‘பதில் இல்லை’ என்று அடிப்போம். உட்கார்ந்து அதை அடித்தேன். அதன் பிறகு எழுந்து, வாக்கரின் முன்பக்கத்து வலது இரும்புக் காலை அவன் இடது ஷூவின் மேல் வைத்து, என் முழு எடையையும் அதில் இறக்கினேன். கால் தவறி அல்ல. வேண்டுமென்றே. எத்தனை விநாடி என்று சார்ஜென்ட் கேட்டார். அவன் “அத்தை” என்று இரண்டு முறை கூப்பிடும்வரை.

அதன் பிறகு அதிகாரிகள் என்னை இங்கே கூட்டி வந்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மிட்செல் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டு, என்னைப் பிராங்ஸுக்குத் திருப்பி அழைத்துப் போக வெளியே பெஞ்சில் காத்திருப்பதாகச் சார்ஜென்ட் சொன்னார். எனக்குப் புத்தி சரியில்லை என்றும், அதனால் நடவடிக்கை ஒன்றும் வேண்டாம் என்றும் சொல்கிறானாம். என் புத்தியைப் பற்றிச் சார்ஜென்ட் பக்லி தம் சொந்த அபிப்பிராயத்தை இங்கே எழுதலாம் என்றேன். அவர், “இந்த வாரம் என்கிட்ட வாக்குமூலம் குடுத்தவங்கள்ல நீங்கதான்மா தெளிவா இருக்கீங்க” என்றார். எழுதச் சொன்னேன். எழுதினார்.

அடுத்த பத்தியைத் தனியாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு பிப்ரவரி பதினோராம் தேதி என் அண்ணன் மகன் மிட்செல் ஸரெட்ஸ்கிக்கு நான் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை, தெளிந்த மனதோடு, இந்த நிமிடம் முதல் முழுவதுமாக ரத்து செய்கிறேன். இனி என் பெயரில் அவர் எதையும் விற்கவோ, ஒப்புக்கொள்ளவோ, எதிலும் கையெழுத்திடவோ அதிகாரம் கிடையாது. ரத்து எழுத்தில் இருக்க வேண்டும், தேதியும் என் கையெழுத்தும் வேண்டும், பவர் வைத்திருப்பவர் கையில் அது சேர வேண்டும். ஆகவே இந்த வாக்குமூலத்தின் ஒரு பிரதி எனக்கு வேண்டும். அதைப் பெஞ்சில் இருப்பவரிடம் சார்ஜென்டின் முன்னிலையில் நானே என் கையால் கொடுப்பேன்.

மேலே கண்டதைச் சார்ஜென்ட் பக்லி எனக்குப் படித்துக் காட்ட வந்தார். வேண்டாம் என்று சொல்லி, தாள்களை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாக நானே படித்தேன். நான்கு இடங்களில் பிழை திருத்தினேன். இதில் உள்ளது நான் சொன்னது. நான் சொன்னது நடந்தது.

ஒப்பம்: லெனோர் ஸரெட்ஸ்கி
ஆறு ‘சி’, வெஸ்ட் எண்ட் அவென்யூ.

அதிகாரியின் குறிப்பு: மேற்படி வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை மாலை ஐந்து பத்துக்கு, என் முன்னிலையில், வாக்குமூலம் கொடுத்தவர் திரு. மிட்செல் ஸரெட்ஸ்கியிடம் நேரில் கொடுத்தார். “என்ன அத்தை இது?” என்று அவர் கேட்டதற்கு, “ஒண்ணுமில்லப்பா, ஒரு கையெழுத்துதான்” என்று இவர் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கான இடத்தில் திரு. மிட்செல் கையெழுத்திட்டார். படித்துப் பார்க்கவில்லை.